வேலிக்கருவையில் எத்தனை யூனிட் மின்சாரம்?

இராமநாதபுரத்தில் இரயிலேறி இராமேசுவரம் போகிறவர்கள் வாலாந்தரவை, உச்சிப்புளி நிலையங்களைத் தாண்டும்போது சன்னல் வழியே பார்த்தால் பனையும் தென்னையும் தெரியும். இடையிடையே, உழாமல் விட்ட நிலத்தில், ஒரு முள் மரம் அடர்ந்து நிற்கும். அதுதான் சீமைக்கருவேலம், நம் பக்கத்துப் பேச்சில் வேலிக்கருவை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் பிறந்த இம்மரம் 1877இல் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை மாவட்டத்தில் விதைக்கப்பட்டது. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று விதையை ஊரெங்கும் பரப்பிவிட்டன.

காடு என்றதும் அரசுக் காடுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வேலிக்கருவை கண்மாயிலும் புறம்போக்கிலும் மட்டுமல்ல, தனியார் பட்டா நிலத்திலும் நிற்கிறது. மழை பொய்த்து விவசாயம் நின்றபோது வளர்ந்த மரம். நிலத்துக்காரர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெட்டுக்கு விடுவார். தூரை விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். அப்படித் தழைக்கும்போது, எரித்தபோது வெளியேறிய கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். விறகைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்பது இதனால்தான். தூரையே பிடுங்கிவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

இம்மாவட்டத்தில் இவ்விறகை எரித்து நீராவியால் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுக்கு எவ்வளவு விறகு வேண்டும்? வாருங்கள், கணக்குப் போடுவோம்.

ஈரமே இல்லாத 1 கிலோ விறகு ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். காய்ந்த விறகிலும் 15 சதவீத ஈரம் இருக்கும் என்று கொள்வோம். அந்த ஈரத்தை ஆவியாக்கும் செலவு போகக் கிடைப்பது சுமார் 3,700. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். நிலையம் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றுகிறது என்றால், யூனிட்டுக்கு 4,300 கிலோ கலோரி, அதாவது 1.15 கிலோவுக்குச் சற்று மேல் விறகு வேண்டும். 10 மெகாவாட் நிலையம் ஒரு நாளில் 2,40,000 யூனிட் தரும். விறகோ சுமார் 280 டன்! லாரிக்கு 10 டன் என்றால் 28 லாரி. பச்சை விறகாக, 40 சதவீத ஈரத்தோடு வந்தால் 42 லாரி வேண்டும்.

உச்சிப்புளிக்கு அருகே வழுதூரில் உள்ள மின் நிலையத்துக்கு இயற்கை வாயு குழாயில் வந்துவிடுகிறது. விறகு அப்படி வராது. ஒவ்வொரு நிலத்துக்காரரும் மனம் வைக்க வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் அவர் தூரைப் பிடுங்கி நெல் விதைக்க நினைப்பார். அது அவர் உரிமை. ஈர விறகுக்கு நிலையம் விலையைக் குறைக்கும்; வெட்டுக்கூலியும் வண்டிவாடகையும் போக மிச்சம் சொற்பம். அப்போது அவர் மூட்டம் போடுவார். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் கரி கிடைக்கும். 4, 5 கிலோ விறகுக்கு 1 கிலோ கரிதான்; அதன் வெப்பமோ சுமார் 7,000 கிலோ கலோரி. பாதிக்கு மேல் வீண். விஞ்ஞானப்படி நட்டம், ஆனால் எடை குறைந்த சரக்கு தொலைதூரம் போகும். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இதற்கிடையே, நிலத்தடி நீரை இம்மரம் உறிஞ்சுகிறது என்ற புகாரின் பேரில், 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற ஆணையிட்டது. அவ்வாண்டே அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. மரம் நிற்குமா என்றே தெரியாத இடத்தில், இருபது ஆண்டு ஓட வேண்டிய நிலையத்துக்கு யார் விறகு உறுதி சொல்வது?

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பெருவிரல் பருமனுள்ள பச்சைக் குச்சியை (முள் கவனம்!) மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்து, நாள்தோறும் எடை பாருங்கள். எத்தனையாம் நாள் எடை குறைவது நிற்கிறது? அந்த வேறுபாட்டை வைத்து, உங்கள் குச்சி போன்ற விறகு வந்தால் நிலையத்துக்கு எத்தனை லாரி வேண்டுமென்று கணக்கிடுங்கள்.