எபோலா வைரசும் நோயெதிர்ப்பு உயிரணுக்களும்: அறிவியல் தமிழ் நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

நோய்க்கு இடப்படும் பெயரே அந்நோயைப் பற்றிய முதல் விளக்கமாக அமைகிறது. 'குருதிப்போக்குக் காய்ச்சல்' என்னும் தொடர் குருதி வெளியேறுதலையே நோயின் மையமாகக் காட்டுகிறது. எபோலா 1976ஆம் ஆண்டு அன்றைய சயீர் நாட்டின் யம்புக்கு என்னும் ஊரிலும் சூடானின் தென்பகுதியிலும் முதன்முதலில் அறியப்பட்டது. 2014–2016 மேற்கு ஆப்பிரிக்கப் பரவலில் 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனினும், நோயுற்றோருள் சிறுபான்மையினரிடமே வெளிப்படையான குருதிப்போக்கு காணப்பட்டது. நோயின் தொடக்கம் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் உள்ளது. அதனைத் தமிழில் பிழையின்றி உரைப்பதற்கான வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

உயிரணுக்களில் நிகழ்வன

எபோலா வைரசு முதலில் தொற்றுவன பெருவிழுங்கணுக்களும் கிளையுரு அணுக்களுமாகும். உயிரணு தன் புறப்பொருளை உள்வாங்கும் வழியிலேயே வைரசு உள்ளே புகுகிறது. உள்ளிருக்கும் பையில் உயிரணுவின் நொதிகள் வைரசின் மேற்புரதத்தைச் செதுக்குகின்றன. பின்னர் அப்புரதம் என்.பி.சி.1 என்னும் ஏற்பியுடன் இணைய, வைரசின் மரபுப்பொருள் உயிரணுவினுள் விடுபடுகிறது.

அதன்பின் வி.பி.35 என்னும் வைரசுப் புரதம் இன்டர்ஃபெரான் உருவாவதைத் தடுக்கிறது, வி.பி.24 என்னும் புரதம் இன்டர்ஃபெரானின் செய்தி உட்கருவை அடையாதவாறு தடுக்கிறது. கிளையுரு அணு முதிர்ச்சியடையாததால் டி அணுக்களுக்குரிய தூண்டுதல் கிட்டுவதில்லை. பெருவிழுங்கணுக்களோ சைட்டோகைன்களை மிகுதியாகச் சுரக்கின்றன. குருதி உறைதலைத் தூண்டும் திசுக் காரணியையும் வெளிப்படுத்துகின்றன. குருதிக்குழாய்க் கசிவும் உறைதல் சீர்கேடும் இவற்றின் தொடர்விளைவுகளாகும்.

சொல்லும் வினையும்

பொதுநிலைக் கட்டுரைகளில் இம்மாற்றங்களை 'எதிர்ப்பாற்றல் குறைதல்' என ஒரு தொடரில் அடக்கினால் பொருள் திரியும். கிளையுரு அணுவில் நிகழ்வது முடக்கம். பெருவிழுங்கணுவில் நிகழ்வது மிகைத்தூண்டல். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களால் சுட்டுதல் வேண்டும்.

மூன்றாவதாக, நிணவணுக்களின் இழப்பு கருதத்தக்கது. இவ்வைரசு நிணவணுக்களில் தொற்றிப் பெருகுவதில்லை. ஆயினும் அவை திரளாக மடிகின்றன. 'வைரசு நிணவணுக்களை அழிக்கிறது' என்னும் பிறவினைத் தொடர் நேரடித் தாக்குதல் நிகழ்வதாக உணர்த்தும். 'நிணவணுக்கள் தொற்றுக்கு உள்ளாகாமலே அழிகின்றன' என்னும் தன்வினைத் தொடரே உண்மைக்கு இயைந்தது. அழிகின்றன, அழிக்கிறது என்னும் வேறுபாடு இங்கு இலக்கண அளவில் நில்லாது, நோயின் இயங்குமுறையையே வரையறுக்கிறது.

முடிவுரை

முடக்கம், மிகைத்தூண்டல், தொற்றாமல் அழிதல் என்னும் மூன்றும் எபோலா நோயெதிர்ப்பு உயிரணுக்களில் விளைவிக்கும் மாற்றங்களைப் பிரித்துக்காட்டுகின்றன. கலைச்சொற்களைப் பட்டியலிடுவதோடு அறிவியல் தமிழின் பணி நிறைவுறுவதில்லை. பெயர்ச்சொல்லுக்குக் காட்டும் கவனத்தை வினைச்சொல்லுக்கும் காட்டும்பொழுதே மருத்துவச் செய்தி மக்களிடம் திரிபின்றிச் சென்றடையும்.