அம்மா வீட்டிலிருந்தே மனுப் போடலாம்



சென்ற ஆண்டு அரக்கோணம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து நோட்டை மூடும் நேரம். ஒரு உறுப்பினரின் மகள் கதவோரம் நின்றிருந்தாள். நகரிப் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்த பெண். இரண்டு பிள்ளைகளோடும் ஒரு துணிப்பையோடும் ரயிலேறி வந்துவிட்டாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போன காயம்.

"அக்கா, நான் இன்னா பண்றது? ஸ்டேஷன்ல கேட்டா, 'அது ஆந்திரா, அங்க போய் கம்ப்ளைன்ட் குடும்மா'ன்றாங்க. அங்க போனா நான் திரும்பி வருவனா?" என்று கேட்டாள்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் என்று காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் நம்முடையவை. சீர்வரிசை போகும்போது யாரும் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. புகார் கொடுக்கும்போதுதான் எல்லையைச் சொல்கிறார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்த இதழில் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 27வது பிரிவை நம் பக்கத்துப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எங்கே தங்கியிருக்கிறாளோ, அந்த ஊர் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். வேலை செய்கிற இடத்திலும் போடலாம். அடி விழுந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இங்கே வாங்கிய உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். நகரியிலும் செல்லும், பெங்களூரிலும் செல்லும்.

உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. ஒரு பெண்ணின் புகுந்த வீடு சென்னையில். அவர் பெங்களூரில் பெற்றோர் வீட்டுக்கு வந்து, அங்கேயே மனுப் போட்டார். 'பெங்களூர் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை' என்று கணவர் வீட்டார் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஜனவரி 22ல் நீதிபதிகள் ஆர்.பானுமதி, ஏ.எஸ்.போபண்ணா இருவரும், அந்தப் பெண் இப்போது பெங்களூரில் வசிப்பதால் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அதே தீர்ப்பில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த மனுவில் கணவர், மாமனார், மாமியார் மட்டுமல்ல, வேறு மாநிலங்களில் இருந்த உறவினர்கள் பெயரையும் வரிசையாகச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெளிவாக எழுதவில்லை. அதனால் அந்த உறவினர்கள் மேல் இருந்த வழக்கு ரத்தானது. கோபத்தில் சின்ன மாமியாரிலிருந்து ஒன்றுவிட்ட நாத்தனார் வரை எல்லோரையும் எழுதச் சொல்கிற ஆட்கள் நம் ஊரிலும் உண்டு. கேட்காதீர்கள். யார், எப்போது, என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

"தேதியெல்லாம் ஞாபகம் இல்லையே அக்கா" என்றாள் அந்தப் பெண். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அடித்தான், பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் திறந்த வாரம் கம்மலைப் பிடுங்கினான் என்று சொல்லச் சொல்ல, காலண்டரை வைத்து நாங்கள் தேதி போட்டோம். இரண்டு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்தோம்.

அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. கேவலமாகப் பேசுவது, விருப்பமில்லாமல் வற்புறுத்துவது, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது, சீதன நகையை அடகு வைப்பது எல்லாமே இந்தச் சட்டத்தில் வரும். நம்ம குழுக் கடனை மிரட்டிப் பிடுங்கிக்கொண்டு, தவணையை மனைவி தலையில் கட்டுவதையும் பொருளாதார வன்முறை என்று மனுவில் எழுதிக் கேட்கலாம். அதற்கு உங்கள் பாஸ்புக்கும் குழுவின் கடன் பதிவேடும் உதவும். அதனால்தான் பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள் என்று நான் சலிக்காமல் சொல்கிறேன்!

பல பெண்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான். "அவரை ஜெயில்ல போட்ருவாங்களா?" மனுப் போட்டதும் ஜெயில் இல்லை. அடிக்கக் கூடாது, பின்தொடரக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து கலாட்டா செய்யக் கூடாது என்று மேஜிஸ்ட்ரேட் போடுவது பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே மனுவிலேயே குடியிருக்கும் உரிமை, மாதச் செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, நஷ்டஈடு எல்லாம் கேட்கலாம். இடைக்கால உத்தரவு வேண்டும் என்று எழுத மறக்க வேண்டாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். இடைக்கால உத்தரவு இருந்தால்தான் அதுவரை தாங்க முடியும்.

எங்கே போவது? மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். 2019ல் மாவட்டம் பிரிந்தபின் அரக்கோணத்துக்காரர்களுக்கு ராணிப்பேட்டை, திருத்தணிக்காரர்களுக்குத் திருவள்ளூர். அவர் சம்பவ அறிக்கை எழுதுவார். எதிர் தரப்புக்குக் கோர்ட் நோட்டீஸைச் சேர்ப்பிப்பதும் அவர் பொறுப்பு. அவர் அறிக்கை இல்லாமலும் நேராகக் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலுக்குப் பணம் இல்லையா? அரக்கோணம் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. அவசரத்துக்கு 181, சட்ட உதவிக்கு 15100.

பக்கத்து வீட்டில் அடி விழுவது தெரிந்தால் நீங்களே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது.

அந்தப் பெண் அரக்கோணத்திலேயே மனுப் போட்டாள். கணவன் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. அவன் வராமலேயே இடைக்கால உத்தரவு ஆனது. ஒரு நாள் குடித்துவிட்டு வந்து வாசலில் சத்தம் போட்டான். அம்மா நகலை எடுத்துக் காட்டி, "போலீஸுக்குப் போன் போடட்டா?" என்றார். போய்விட்டான். நகலை இப்போது பிளாஸ்டிக் கவரில், ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போகிறார்கள்.