தாத்தாவின் நெகட்டிவ்: இருட்டறையா, ஸ்கேனரா?

மாணவர்களே, தாத்தாவின் நெகட்டிவ்கள் கிடக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? அசிட்டேட் பிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் சிதைவை விரைவுபடுத்தும். பிலிம் சுருங்கி நெளிந்துவிடும். அதற்குமுன் ஸ்கேன் செய்துவிடுங்கள். 36 × 24 மில்லிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் பதிந்தால், சுமார் 2 கோடிப் படப்புள்ளிகள் கிடைக்கும்.

வாடையில்லாத கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால், வாய்ப்பிருந்தால் இருட்டறையிலேயே அச்சிட்டுப் பாருங்கள். அந்த அச்சுத்தாளிலுள்ள வெள்ளி உப்புகளைச் சிவப்பு ஒளி பாதிக்காது. அதனால் சிவப்பு விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டில் பாட்டியின் முகம் மெல்ல எழுவதை நீங்களே பார்க்கலாம். (வண்ணத் தாளைச் சிவப்பு ஒளியும் கெடுத்துவிடும், வண்ண நெகட்டிவுக்கு ஸ்கேனரே எளிது.)

ஸ்கேன் செய்த நெகட்டிவை வீசிவிடாதீர்கள். மூடிய டின் அமில ஆவியைத் தேக்கிவைக்கும். காகித உறையிலிட்டு, வாடை அடிப்பவற்றைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.