டிரெய்லர் தள்ளும், தம்பி



காட்டுப்பாதை ஜீப்புக்காக நீ வடிவமைத்திருக்கும் டிரைவ் ஆக்சில் டிரெய்லரின் அறிக்கையைப் படித்தேன். டிரெய்லர் சக்கரத்துக்கும் என்ஜின் விசை போனால் சேற்றில் என்ன லாபம் என்பது நம் இரண்டு பேருக்குமே தெரியும். அதை விட்டுவிட்டு என் எரிச்சலுக்கு வருகிறேன்.

பதினான்கு படம் போட்டிருக்கிறாய். பதினான்கிலும் ஜீப்பும் டிரெய்லரும் ஒரே கோட்டில், சமதரையில் நிற்கின்றன. எந்தக் காட்டிலப்பா இருக்கிறது அந்த ரோடு? ஜீப் திரும்பும்போது ஹிட்ச்சில் 30 டிகிரி மடங்குகிறது என்று வை. டிரெய்லர் தள்ளும் விசையில் பாதியளவு பக்கவாட்டில் திரும்பி ஜீப்பின் பின்பக்கத்தை ஒதுக்கும். இழுபடும் டிரெய்லர் தானாக நேராகிவிடும். தள்ளுகிற டிரெய்லர் மடிப்பை இன்னும் மடக்கும். சாய்ந்த தரையாக இருந்தால் ஜீப் குடைசாயும்.

லேண்ட் ரோவர் 101 பற்றி நீயே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பீரங்கி இழுக்க வந்த வண்டி, 3.5 லிட்டர் வி8 என்ஜின், ருபரி ஓவன் நிறுவனத்தின் டிரைவ் ஆக்சில் டிரெய்லரைப் பூட்டினால் ஆறு சக்கரமும் ஓடும். எல்லாம் சரி. அந்த டிரெய்லர் என்ன ஆனது என்று ஒரு வரி உண்டா? கரடுமுரடான தரையில் வண்டியையே தள்ளிக் கவிழ்த்துவிடும் என்ற பயத்தில், 101 உற்பத்திக்குப் போகும் முன்பே அந்த யோசனையைக் கைவிட்டார்கள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வி8-ன் சத்தத்தை வர்ணித்திருக்கிறாய்!

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கரும்பு லோடு டிராக்டர்கள் எங்கள் பட்டறைக்கு வரும். அந்த டிரெய்லர்களுக்கு டிரைவும் கிடையாது, பிரேக்கும் கிடையாது, வெறும் பாரம்தான். ஏரிக்கரை இறக்கத்தில் அந்தப் பாரமே டிராக்டரைத் திருப்பிப் போட்டுவிடும். எங்கள் போர்மேன் ஹிட்ச் பின்னைக் கழற்றி, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். தள்ளுபட்ட வண்டி எது என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். பாரம் மட்டுமே இப்படிச் செய்யும்போது, நீ அதற்கு என்ஜினையும் கொடுக்கிறாய்.

‘இரண்டுக்கும் ஒரே டயர், எனவே ஒரே வேகம்’ என்ற வாக்கியத்தை அடித்துவிடு. பாரம் ஏறினால் டயர் அமுங்கும், உருளும் ஆரம் குறையும். கெட்டித் தரையில் அந்த வித்தியாசம், டிரெய்லருக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டை முறுக்கிக்கொண்டே போகும்.

ஆனால் அந்த ஷாஃப்ட்! ஒற்றை யுனிவர்சல் ஜாயின்டில் 30 டிகிரி மடக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும். நீ இரண்டு ஜாயின்டை ஹிட்ச் பின்னுக்கு முன்னும் பின்னும் சம தூரத்தில் வைத்து, ஆளுக்கு 15 டிகிரியாகப் பிரித்து, ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று விழுங்கும்படி செய்திருக்கிறாய். இந்த வயதில் எனக்கு இது தோன்றியிருக்காது. பிரமாதம்.

முடிவுரையில் மின்மோட்டாரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாய். அதுவும் பழைய கதைதான்: 1962-ல் அரிசோனாவின் யூமாவில் லெட்டர்னோ நிறுவனத்தின் 54 சக்கர ரோடு ரயில் ஓடியது. சக்கரத்துக்குச் சக்கரம் மோட்டார். ஷாஃப்ட் தொல்லை போகும், தள்ளும் தொல்லை போகாது.

வேண்டியது ஒரு லீவர். டிரெய்லர் டிரைவைச் சட்டென்று துண்டிக்கும் டாக் கிளட்ச், அதுவும் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. இடமில்லை என்று மட்டும் பதில் எழுதாதே. சீட்டுக்கும் கைபிரேக்குக்கும் நடுவே நாலு விரல் இடம் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் நீயே அளந்து போட்டிருக்கிறாய்.