மொட்டைமாடியில் பேண்டம் கோழி: வம்சம் கெடாமல் வளர்க்க முழுமையான வழிகாட்டி

சென்னையில் சாந்தோம் பக்கத்து நெருக்கமான வீடுகளுக்குப் பேண்டம் தோதான கோழி. உருவம் சிறியது, தீனி குறைவு, மாடியில் ஒரு மூலை போதும். குஞ்சு எடுப்பது எளிது. நாலு தலைமுறை கழித்தும் அதே கோழியாக வைத்திருப்பதுதான் கஷ்டம்.

1. வாங்குவது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை வேடிக்கை பார்க்கலாம். வம்சம் தொடங்க அங்கே வாங்காதீர்கள். தாய் தகப்பன் எதுவென்று சொல்ல ஆள் இருக்காது. வளர்ப்பவர் வீட்டுக்கே போய்த் தாய்க்கோழியைப் பாருங்கள். ஒரே இனத்தில், உறவில்லாத இரண்டு இடங்களிலிருந்து, இடத்துக்கு ஒரு சேவல், இரண்டு வெடை.

2. கூண்டு

உப்புக்காற்றில் சாதாரணக் கம்பிவலை சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். பெருச்சாளிக்கு அந்த ஓட்டை போதும். அரை அங்குலக் கண்ணுள்ள நல்ல வலையாகப் போடுங்கள். மேலே கீற்று வேய்ந்தால் மே மாத வெயிலுக்குத் தாங்கும்.

3. ஜோடி சேர்ப்பது

ஜப்பான் பேண்டத்துக்குக் குட்டைக்கால்தான் அழகு. அதனால் புதிதாக வளர்ப்பவர்கள் குட்டைக்காலோடு குட்டைக்காலையே சேர்க்கிறார்கள். அந்த மரபணு இரு பக்கமிருந்தும் வந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். சராசரியாக நாலில் ஒன்று இப்படிப் போகும். பழியை இன்குபேட்டர் மேல் போடுவார்கள். ஒரு பக்கம் குட்டைக்கால், மறுபக்கம் நெட்டைக்கால் என்று சேர்த்தால் இந்தச் சாவு இல்லை; குஞ்சுகளில் பாதி குட்டைக்காலாகவே வரும். நெட்டைக்கால் பெட்டையைக் கழிசல் என்று விற்றுவிடாதீர்கள்.

சில்கி இனத்தின் பஞ்சு இறகு வேறு கணக்கு. சாதாரணக் கோழியோடு கலந்தால் முதல் தலைமுறையில் அது மறைந்துவிடும். பேரக் குஞ்சுகளில் திரும்பத் தலைகாட்டும்.

4. ரத்தம் மாற்றுவது

இரண்டு இடத்தில் வாங்கிய இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு நிறத்தில் கால் வளையம். பெட்டைக் குஞ்சு தாயின் குடும்பத்திலேயே இருக்கட்டும். சேவல் குஞ்சு மறு குடும்பத்துக்குப் போகட்டும். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்துக்கொண்டே போனால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். சேவலை மாற்றிய உடனே முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கும். முட்டையில் பென்சிலால் தேதி, வளைய நிறம் எழுதி நோட்டிலும் ஏற்றுங்கள்.

5. அடையும் குஞ்சும்

பொரிக்க ஏறக்குறைய 21 நாள். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திக்கால் மாதிரி நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. சில்கி பெட்டை அருமையான அடைக்கோழி. குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வராமலிருக்க முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி. தவறவிட்டால் மொத்த வம்சமும் போய்விடும்.

6. மிச்சச் சேவல்கள்

பொரித்ததில் பாதி சேவலாகத்தான் இருக்கும். விடியுமுன்பே அத்தனையும் கூவினால் பக்கத்து வீட்டார் படியேறி வருவார்கள். கூவத் தொடங்கும் முன்பே வாங்க ஆள் பார்த்து வையுங்கள்.