அலமாரியில் உள்ளதைக் கொண்டே: கை நெருக்கடியான மாதத்தில் நோயாளரும் குடும்பமும் உண்பது எவ்வாறு?

நோயாளர் வீடு திரும்பும் நாளில் உணவியல் பிரிவில் உள்ள எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: "சத்தாக என்ன கொடுக்கலாம்?" அவ்வினாவிற்கு விடையாக நாங்கள் அளிக்கும் அச்சிட்ட தாளில் பால், முட்டை, மீன், பழம், பருப்பு, கீரை என வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அத்தாளில் பிழை ஏதும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன், அறுவை சிகிச்சை முடிந்த கணவரை அழைத்துச் செல்ல வந்த ஒரு பெண்மணி அத்தாளை வாங்கிப் படித்து, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, "இதெல்லாம் வாங்க முடிந்தால் நாங்கள் ஏன் அம்மா நகையை வைத்தோம்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "வீட்டு அலமாரியில் இப்போது என்ன இருக்கிறது?" என்பது. அதைக் கேட்டபோது அவர் விரல் விட்டு எண்ணினார்: நியாய விலைக் கடை அரிசி, துவரம்பருப்பு அரைக் கிலோ, கொள்ளு கொஞ்சம், புளி, மிளகாய், மாமியார் போட்ட வற்றல், கேழ்வரகு மாவு ஒரு பை. அன்று அவருக்கு வாய்மொழியாகச் சொன்னவற்றை விரித்து எழுதியதே இக்கட்டுரை.

சிகிச்சைக் காலத்தில் குடும்பத்தின் வருவாய் இருபுறமும் குறைகிறது. நோயுற்றவர் வேலைக்குச் செல்வதில்லை; உடன் இருப்பவரும் செல்வதில்லை. மருந்து, பயணம், பரிசோதனை ஆகிய செலவுகளை நம்மால் குறைக்க இயலாது. ஆகவே குறைவது உணவுச் செலவு. அவ்வாறு குறைக்கும்போது முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் பருப்பும் பயறும். அரிசி மட்டும் எஞ்சுகிறது. இதைத்தான் மாற்றியாக வேண்டும். வயிறு நிறைவதற்கு அரிசி போதும். புண் ஆறுவதற்கும், தசை தேயாமல் இருப்பதற்கும், தொற்று நோய்களை எதிர்ப்பதற்கும் புரதம் வேண்டும்.

பருப்பின் கணக்கு

தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளது. ஒரு கிலோவில் 220 கிராம். ஒரு கோழி முட்டையில் உள்ள புரதம் 6 கிராம் அளவே எனக் கொண்டால், அந்த 30 ரூபாய்ப் பருப்பு 35 முட்டைகளுக்கு மேற்பட்ட புரதத்தைத் தருகிறது. மருந்துக் கடையில் பல நூறு ரூபாய்க்கு விற்கும் புரத மாவு டப்பாவை, மருத்துவர் எழுதித் தராமலே, கடன் வாங்கி வாங்கி வரும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவர் எழுதியிருந்தால் அதனை நிறுத்தாதீர்கள். எழுதாதிருந்தால் அந்தப் பணத்தில் பயறு வாங்குங்கள்.

அரிசியில் உள்ள புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் என்னும் கூறு அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. பொங்கலும் அடையும் சோறும் சாம்பாரும் நம் முன்னோரிடம் இந்தக் கணக்கை அறியாமலே அமைந்துவிட்டன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காட்டும் தட்டில் தானியம் 250 கிராம்; பருப்பு, முட்டை, இறைச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து 85 கிராம். அதாவது மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு. நம் வீடுகளில் பத்துப் பங்கிற்கு ஒரு பங்கு கூட வருவதில்லை என்பது எங்களிடம் வருவோரிடம் கேட்டறிந்ததில் எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு அட்டைக்குரிய ஒரு கிலோ துவரம்பருப்பு மாதம் முழுவதும் போதாது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 8 கிராம்தான் வரும். எனவே அதனுடன் கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, நிலக்கடலை ஆகியவற்றில் எது உங்கள் ஊர்ச் சந்தையில் அந்த மாதம் மலிவோ அதனைச் சேர்க்க வேண்டும். ஒரே பயறை நாள்தோறும் சமைக்கத் தேவையில்லை. அடைக்கு இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு வகைகள் என்பதே அளவு. துவரை, கடலை, உளுந்து, பாசி என டப்பாக்களின் அடியில் எஞ்சிக் கிடப்பவை அனைத்தும் அதில் அடங்கும். மூன்று மணி நேரம் ஊறவைத்து, மிளகாயும் சீரகமும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை கிடைத்தால் ஒரு கைப்பிடி உருவிப் போட்டு வார்த்தால், அந்த வேளைக்குத் தொட்டுக்கொள்ளத் தனியே குழம்பு வேண்டியதில்லை. மெல்லுவதற்குச் சிரமப்படும் முதியோர்க்கு அதே பொருள்களைக் குழைய வேகவைத்துப் பொங்கலாகத் தரலாம்.

நீரில் சத்து இறங்கிவிடுகிறதா?

இங்கே சற்று நின்று ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். இதனால் எத்தனையோ நோயாளர்கள் மெலிந்துபோவதைக் கண்டிருக்கிறேன். பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்து, "சத்து முழுவதும் இதில் இறங்கிவிட்டது" என்று நோயாளருக்குக் கொடுத்து, அடியில் நின்ற பருப்பை வீட்டில் மற்றவர்கள் உண்பார்கள். ஆட்டுக்கால் சூப்பிலும் இதே கதைதான். உண்மையில் புரதத்தின் பெரும்பகுதி பருப்பிலேயே தங்கியிருக்கிறது. தெளிந்த நீரில் சிறிது உப்பும் மணமும் ஓரளவு தாதுக்களும் இருக்கின்றன. தாகத்திற்கும் நாவறட்சிக்கும் அது நல்லது. உணவாகாது. அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஓரிரு நாள்களில் தெளிந்த நீர் உணவு மட்டுமே தருமாறு மருத்துவர் கூறியிருந்தால் அவ்வாறே செய்ய வேண்டும். அந்தக் கட்டம் முடிந்ததும் பருப்பை மத்தால் நன்கு கடைந்து, சோற்றுடன் பிசைந்து தாருங்கள். கொங்கு நாட்டு வீடுகளில் கொள்ளை வேகவைத்து, நீரை ரசத்திற்கு வைத்துக்கொண்டு, பயறைக் கடைசலாக்கிச் சோற்றில் பிசைந்து உண்பர். இரண்டும் ஒரே தட்டில் விழுவதால் அது சரியான வழக்கம்.

கேழ்வரகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு அருகில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பாலில் உள்ளதைப் போல் அவ்வளவையும் உடல் ஈர்த்துக்கொள்வதில்லை என்றாலும், பால் வாங்க இயலாத வீட்டில் இதனை விடச் சிறந்த மாற்று எளிதில் கிடைக்காது. முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவாயின் சத்துகள் இன்னும் நன்கு சேரும்.

இரும்புச் சத்துக்கு ஒரு சிறு உபாயம். பயறு, கீரை, கேழ்வரகு ஆகியவற்றில் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேர்வதில்லை. அவ்வேளை உணவில் எலுமிச்சைச் சாறு சில துளிகளோ, ஒரு நெல்லிக்காயோ, ஒரு கொய்யாத் துண்டோ சேர்ந்தால் நன்கு சேரும். சோறு உண்டவுடன் குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். செலவில்லாத மாற்றம் இது.

நியாய விலைக் கடை அரிசியில் சற்று நிறம் வேறுபட்ட சில மணிகளைக் கண்டு "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிவோர் இன்னும் உள்ளனர். அவை இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்யப்பட்ட செறிவூட்டிய அரிசி மணிகள். நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலக்கப்படுகின்றன. அவற்றை எறியாதீர்கள். தலசீமியா போன்ற இரத்த நோய் உடையோர் மட்டும் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டு விழுந்த பருப்பைப் புடைத்து வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை மட்டும், எவ்வளவு மனம் வராவிட்டாலும், எறிந்துவிட வேண்டும். கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அதில் உண்டாகிறது. வறுத்தாலும் அது முழுதும் நீங்குவதில்லை.

எல்லோர்க்கும் ஒரே தட்டு அன்று

மேற்கூறியவை பொதுவானவை. சர்க்கரை நோயாளர்க்குக் கஞ்சியும் கூழும் இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றும். பயறும் காயும் மிகுந்த, மெல்லக்கூடிய உணவே அவர்க்கு ஏற்றது. பணம் இல்லை என்று ஒரு வேளை உணவைத் தவிர்த்து, மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொள்வது ஆபத்தானது. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும். இரவில் நேர்ந்தால் உடன் இருப்போர்க்கும் தெரியாது. அவ்வாறான நிலை வீட்டில் இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை அவர் மாற்றி அமைப்பார். நீங்களாக மாத்திரையைப் பாதியாக்காதீர்கள்.

இதய நோயும் இரத்த அழுத்தமும் உடையோர்க்கு அலமாரியின் ஒரு மூலை பகையாகும்: ஊறுகாய், அப்பளம், உப்பிட்ட வற்றல், கருவாடு. காய் வாங்கக் காசில்லாத நாளில் கைக்கு வருபவை இவையே என்பதை அறிவேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவு. அவர்களுக்கு உப்பில்லாத பருப்புப் பொடியோ நிலக்கடலைத் துவையலோ தரலாம். சிறுநீரக நோயாளர்க்குப் பருப்பின் அளவே வேறு: டயாலிசிஸ் செய்யாதோர் குறைத்தும், செய்வோர் கூட்டியும் உண்ண வேண்டியிருக்கலாம். அவர்கள் இக்கட்டுரையைக் கொண்டு எதையும் மாற்றாமல் எங்களிடம் நேரில் வருதல் வேண்டும்.

உண்ணாமல் இருப்பவர் யார்?

இனிச் சொல்வது உடன் இருந்து பார்த்துக்கொள்வோருக்கு. வார்டுகளில் மதிய வேளையில் நான் நோயாளரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதை விட, அருகில் அமர்ந்திருப்பவரிடம் கேட்பதே வழக்கமாகிவிட்டது. "இவர் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டுக்கொள்வேன்" என்பதே பெரும்பாலும் விடை. வீட்டிலும் அப்படியே. முட்டை ஒன்று இருந்தால் நோயாளருக்கு, பருப்பு குழந்தைக்கு, ரசமும் சோறும் தாய்க்கு.

இவ்வழக்கம் அன்பினால் வருவது. ஆயினும் அதன் விளைவைக் காட்டும் ஓர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்துள்ளது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் காசநோயாளரின் குடும்பங்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் நோயாளருக்கு மட்டும் உணவுப் பொருள்கள் அளிக்கப்பட்டன. மற்றதில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்தே அளிக்கப்பட்டன: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம்பருப்பு, அவற்றுடன் நுண்சத்து மாத்திரை. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பத்தினர் இதில் இடம்பெற்றனர். குடும்பம் முழுவதும் உண்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது என 2023இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. அந்தப் பொருள்கள் அரிசியும் பருப்பும்தாம் என்பதைக் கவனியுங்கள். நோயாளரைப் பார்த்துக்கொள்பவர் உண்ணும் பருப்பு நோயாளரின் பங்கைப் பறிப்பதன்று. அடுத்த நோயாளர் அந்த வீட்டில் உருவாகாமல் காப்பது.

காசநோய்ச் சிகிச்சை பெறுவோர்க்கு ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. வங்கிக் கணக்கு எண்ணைப் பதியாததால் அது வராமல் இருக்கலாம். காசநோய்ப் பிரிவில் கேளுங்கள். மருத்துவமனையில் தங்குவோர்க்கு அருகில் அம்மா உணவகம் இருப்பின், காலையில் இட்லி ஒரு ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். வீட்டில் பள்ளி செல்லும் குழந்தைகள் இருந்தால், பெற்றோர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களிலும் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். மதிய உணவும், பல பள்ளிகளில் காலை உணவும் அங்கே கிடைக்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி வந்து மறந்துவிடும் வீடுகளும் உண்டு; அதுவும் அலமாரிப் பொருளே.

முதலில் குறிப்பிட்ட பெண்மணி மறுபரிசோதனைக்குக் கணவருடன் வந்தபோது எங்கள் பிரிவிற்கும் வந்தார். கணவரின் எடை குறையவில்லை. "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தார், விடை சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது, "அடை வார்த்தால் எனக்கும் ஒன்று வார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அடுத்த முறை வரும்போது உங்கள் அலமாரியில் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்; எழுத இயலாதோர் எண்ணிச் சொன்னாலும் போதும். குடும்பத்தில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன நோய், அட்டையில் இம்மாதம் என்னென்ன பொருள் வாங்கினீர்கள் என்பவற்றையும் சொல்லுங்கள். அச்சிட்ட தாளின் பின்புறம் வெற்றாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குரிய ஒரு வாரச் சமையலை அதில் சேர்ந்தே எழுதிக்கொள்வோம்.