குடியை விட்ட பிறகு வந்த சோர்வு

குடியை விடச் சொல்ல ஊரே இருந்தது. விட்ட பிறகு மனசு என்ன பாடுபடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் ஏலக்காயும் வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் போடி. இங்கே குடோன்களில் மூட்டை தூக்கும், லாரி ஓட்டும் நம் ஆட்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட சங்கதி. தினமும் குடிப்பவர் மருத்துவ உதவி இல்லாமல் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடப்பட்டபோது கேரளமே இதைக் கண்ணால் பார்த்தது. குடி கிடைக்காத தவிப்பில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவிட்டது. இந்தத் தவிப்புக்கு மது மருந்தல்ல, சிகிச்சைதான் வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. மருத்துவர்கள் பக்கம்தான் நியாயம் என்பதை என் உடம்பே எனக்குக் காட்டியது.

எனக்கும் அந்த வாரம்தான் குடி நின்றது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் உதடுவரை கொண்டுபோக முடியவில்லை. சட்டை வியர்வையில் ஊறிக் கிடந்தது. ராத்திரி, சுவரில் எறும்பு சாரை சாரையாக ஏறுவதாகச் சொல்லித் துண்டால் தட்டிக்கொண்டே இருந்தேன். “என்னங்க, சுவத்துல ஒண்ணுமே இல்லையே” என்ற என் மனைவி, விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதனால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும். 2, 3 நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். ஆஸ்பத்திரியில் நரம்பின் படபடப்பை அடக்கும் மருந்தை முதலில் கூட்டிக் கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் என்கிற பி1 ஊசியும் போடுவார்கள். கேஷுவல்டியில் கேட்டதும் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தயமின் வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.

கை நடுக்கம் நின்று, முகம் தெளிந்து, வீடே நிம்மதியான சமயத்தில்தான் அடுத்தது வந்தது. காலையில் எழவே பிடிக்கவில்லை. கடை திறந்த பிறகும் அப்படித்தான். போடிக்காரனுக்கு ஏலக்காய் மூட்டை பிரிக்கும்போது வரும் வாசனை பிறந்த வீட்டு வாசனை. அதுவும் மனசைத் தொடவில்லை. “அதான் குடிய விட்டுட்டியேப்பா, இன்னும் என்ன கவலை?” என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மருத்துவர் விளக்கினார். மதுவே மனசை அமுக்கும். அதனால் வரும் சோர்வு பலருக்கும் குடியை விட்ட 3, 4 வாரத்தில் தானாகக் குறையும். அதற்கு மேலும் நீடித்தால் அது தனி நோய், அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். அவர் கேட்கக் கேட்க, நான் குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, அப்பா இறந்த காலத்திலேயே அது என்னிடம் வந்திருந்தது தெரிந்தது. மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பலருக்குக் குமட்டல்தான் தெரியும். நிறையப் பேர் கைவிடுவது அந்த இடத்தில்தான். தேறிவிட்டோம் என்று நாமாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் அரைகுறை மலையாளத்தில் சமாளிக்க வேண்டாம். ‘உயிரோட இருக்கவே பிடிக்கல’ என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது.

குடோன் ஷட்டர் இறங்கும் மாலை நேரம் மோசமான நேரம். வெறும் வயிற்றோடு கடையை விட்டு இறங்காதீர்கள். நான் ஒரு சுலைமானியும் பழம்பொரியும் சாப்பிட்ட பிறகே தெருவில் கால் வைப்பேன். பசி அடங்கினால் பாதி ஆசை அடங்கிவிடுகிறது. கேரளத்தில் ஒன்றாம் தேதி மதுக்கடை விடுமுறை என்பதால், மாசக் கடைசி மாலையில்தான் கூட்டாளிகளின் அழைப்பு அதிகம். அன்றைக்கு ஃபோர்ட் கொச்சியில் போட் ஏறி எர்ணாகுளத்துக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போய்விடுவேன். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய அமைப்பு இது. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று விற்கும் பொடிகளைச் சோற்றில் கலக்காதீர்கள். குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுபவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே அதை எடுக்க வேண்டும். உங்களுக்கும் கவனிப்பு தேவை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது. என் மனைவிக்கும் தூக்கம் போயிருந்தது. அவளும் தனியாக ஆலோசகரிடம் பேசிய பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை குறைந்தது.

குடியிலிருந்து மீள உதவும் கேரளக் கலால் துறையின் விமுக்தி திட்டத்தின் எண் 14405. மனசு சம்பந்தமாகப் பேச டெலிமானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், “குடிய விட்டிருக்கேன், தூக்கம் வரல” என்று சொன்னால் போதும். மற்றதை அவர்களே கேட்பார்கள்.